எந்தக் கோயிலுக்கு

பெரியவர்களுக்குப் பத்து வெள்ளி
பிள்ளைகளுக்கு ஏழு.
விலைப்பலகையில் ஆண் பெண் என்று எதுவும் எழுதவில்லை.
ஆனாலும் அறந்தாங்கிக்காரர்
இயந்திரத்தைக் கொக்கியில் திரும்ப மாட்டிவிட்டார்.
'பொம்பளப் பிள்ளைக்கா? ரெண்டாம் நம்பரா?
அப்பாகிட்டக் கேட்டீங்களாக்கா?'

அப்பா பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் இரவு வேலை முடித்து
வீட்டில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறார்.
நான் போதாதா என்று நான் கேட்கவில்லை.
'கேட்டாச்சு' என்றேன்.
அன்றைய முதல் பொய்.

நிறைமதிக்கு எட்டு வயது. தொடக்கநிலை இரண்டு.
மூன்று வாரமாக ஒரே பாட்டு.
'பின்னல் என் முதுகில யாரோ மாதிரி வருதும்மா.'
எனக்குப் புரியவில்லை, இன்றைக்கும்தான்.
ஆனால் இயந்திரம் பிடரியில் ஏறியபோது
கண்ணாடியில் தெரிந்தவரைக் கண்டவள்போலச்
சிரித்தாளே
அது புரிந்தது.

கோப்பிக்கடைத் தண்ணீர் அங்கிள்
'பாய் பாய், மைலோவா?' என்றார்.
குரலைத் தடிப்பாக்கி 'ஆமா அங்கிள்' என்றாள், பனிக்கட்டியோடு.
கழிவறை வாசலில்
துடைப்பத்தைக் குறுக்கே வைத்தாள் துப்புரவுக்கார ஆன்ட்டி.
'பாய், அந்தப் பக்கம்.'
நான் அவசரமாக மகளின் காதைப் பிடித்துத் தோட்டைக் காட்டினேன்,
நுழைவுச்சீட்டைக் காட்டுவதுபோல.
அவள் தோட்டைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள்.
என்னைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

பிறகு மின்தூக்கி.
பதினோராம் மாடி இத்தனை உயரம் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.
மூன்றுவரை ஒரு சீனத் தம்பதி.
மனைவி கணவன் முழங்கையைத் தொட்டாள்,
அவர் மாடி எண்களையே படித்துக்கொண்டு வந்தார்.
ஆறில் இறங்கிய மக்சிக் ரோஸ்னா
'காசிஹான்' என்று நெஞ்சில் கை வைத்து
என் தோளை அழுத்தினார்.
பெரிய நோய் என்று நினைத்துவிட்டார்.
நான் மறுக்கவில்லை.

மிச்சம் சுபத்ராக்கா.
'என்னடி இது, பிள்ளையை இப்படி...'
அதற்குள் அவருக்கே ஒன்று தோன்றி
'வேண்டுதலா?'

கொட்டும் மழையில் ஒருவர் நீட்டிய குடை அந்தச் சொல்.
'ஆமாக்கா.'
'எந்தக் கோயிலுக்கு?'
'ஊர்ல. குலசாமிக்கு.'
'முழுசா எடுக்கலையே, கணக்காகுமா?'
'இது முதல் தவணை.'
எப்படி வந்தது எனக்கு அந்த வார்த்தை!
அக்காவின் முகம் விளக்கேற்றியதுபோல் ஆனது.
கைப்பையில் மடித்துவைத்த திருநீற்றை
அந்த உச்சியில் தூவினார்.
'சந்தனம் தடவு. குளிர்ச்சி.'
அதே தலைதான்.
ஐந்தாம் மாடியில் அவரைப் பதறவைத்த அதே தலை.
சாமி கேட்டால் சரி.
பிள்ளை கேட்டால்தான்...

எட்டில் இறங்கிப் போனார்.

வீட்டில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே மகள் கேட்டாள்:
'குலசாமி எப்பம்மா கேட்டுச்சு?'
நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.
நான்காவது தண்ணீரும் தெளியவில்லை.

சாயங்காலம் எழுந்து வந்தவர்
வெகு நேரம் பேசவில்லை.
கோப்பியை ஆற்றினார், குடித்தார், கோப்பையைக் கழுவினார்.
'காது என்னோடதுதான், அப்படியே இருக்கு' என்றார்.
அது சம்மதமா
இல்லை, வேறு எதையும் பார்க்காமலிருக்க அவர் கண்டுபிடித்த வழியா
தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நான்கு வாரம்.
புளோக் ஓரத்துப் புல்லைப்போல முடி எழும்பிவிட்டது.
எதிர்த்திசையில் தடவிப் பார்த்துக்கொண்டே வந்து
என் முழங்காலில் சாய்ந்தாள்.
'அம்மா, இந்த மாசமும் வேண்டிக்கலாமா?'

யாரிடம் என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் சப்பாத்து மாட்டி
மின்தூக்கிப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

ஏறினோம். பத்து. ஒன்பது.
எட்டில் நின்றது.
கதவு திறக்கிறது.
கையில் ஏழு வெள்ளி சரியாக எண்ணி வைத்திருக்கிறேன்.
வாயில் ஒன்றும் தயாராக இல்லை.